தேதிக் கட்டம்

படிவத்தில் மற்றதெல்லாம் நிரப்பிவிட்டேன்.
பெயர்: மார்லிஸ் ஸ்டானிச்.
அலுவலகம்: பியூட், மொன்டானா.
பணிக்காலம் இருபத்தொன்பது வருஷம், ஏழு மாதம்.
ஒரு கட்டம் மட்டும்
வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது,
கேலினா தெருவில் மூடி உடைந்த
அந்தத் தபால்பெட்டி மாதிரி.

மாதக் கடைசியில் போ என்கிறான் வெண்டல்,
மறுநாளே பென்ஷன் ஆரம்பம்.
ரெண்டாம் தேதி போனால் ஒரு மாதம் அம்போ.
டிசம்பர் வரை இரு என்கிறாள் ரூத்தான்,
விடுப்பையெல்லாம் காசாக்கலாம்.
எடுக்காத மருத்துவ விடுப்பு
ஆயிரத்து நூற்று நாற்பது மணி.
அதையும் கூட்டினால் முப்பது வருஷம் தாண்டுகிறது.
எனக்கு வராத காய்ச்சலெல்லாம்
கணக்கில் வந்து நிற்கிறது.

சாப்பிடும்போது லோர்னா பேச்சு வரும்.
ஓய்வு பெற்ற பதினோராவது வாரம் போய்ச் சேர்ந்தவள்.
கஸ் பேச்சும் வரும்.
கேக் வெட்டி அனுப்பி வைத்தோம்,
கிறிஸ்துமஸ் பார்சல் நெருக்கடிக்குத்
தற்காலிக ஆளாகத் திரும்பி வந்து
தன் பழைய கப்பைத் தேடினான்.

முழங்கால் தன் கருத்தை எப்போதோ சொல்லிவிட்டது.
செங்குத்தான ஊர் இது.
தெருவுக்கெல்லாம் மண்ணுக்கடியில் இருப்பவற்றின் பெயர்:
கிரானைட், குவார்ட்ஸ், மெர்க்குரி.
தோண்டியவர்கள் போய்விட்டார்கள்.
ஏறுகிறவள் நான்.
ஜனவரியில் பனி மூடிய பிறகு
படி எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது,
காலுக்குத் தெரியும்.

மே முப்பத்தொன்று என்று
பென்சிலால் எழுதி வைத்தேன்.
வீட்டில் டெல்பர்ட்
படகுக்குப் பெயின்ட் வாங்கி வந்துவிட்டான்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
வண்டிக்குள் தபாலை அடுக்கும்போது
ஒரே நாளில் நான்கு கல்லூரிகள்,
எலியட் ப்ரூடிக்கு.
வழவழத் தாளில் புல்வெளி, சிரிக்கிற பிள்ளைகள்,
உன் எதிர்காலம் இங்கே காத்திருக்கிறதாம்.

எலியட் பதினோரு வயதில் இறந்தான்.
ஏரி, மார்ச் மாதம், மெலிந்துபோன பனிக்கட்டி.
யாரோ விற்று யாரோ வாங்கும் பட்டியலில் மட்டும்
வருஷா வருஷம் வளர்ந்துகொண்டிருக்கிறான்.
பல்லுக்குக் கம்பி போட அழைத்தார்கள்.
கார் ஓட்டப் பழக அழைத்தார்கள்.

முதல் வருஷமே அவன் அப்பா
டயர் கடை வாசலில் என்னை நிறுத்தினார்.
அவன் பேருக்கு வருவதை வீட்டுப் பெட்டியில் போடாதே,
ஷெரில்தான் திறப்பாள்,
இங்கே கொடு.
ஆறு வருஷமாகக் கொடுக்கிறேன்.
அவர் நன்றி சொல்வதில்லை.
கிரீஸ் போகக் கையைத் துடைத்துவிட்டுத்தான்
வாங்கிக்கொள்வார்.

எனக்குப் பின் வருகிறவனிடம்
எந்த நாய் கடிக்கும் என்று சொல்லலாம்,
எந்தக் கைப்பிடி ஆடும் என்று சொல்லலாம்.
இதையும் ஒரு மஞ்சள் அட்டையில்
மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.
கடை. மகன். வீட்டில் வேண்டாம்.
தொலைந்த பார்சலுக்கான புகார் மாதிரி இருந்தது.
கிழித்துப் போட்டேன்.

செப்டம்பரில் அவனுக்குப் பதினெட்டு.
அரசாங்கமே எழுதும்,
ராணுவப் பட்டியலில் பேரைப் பதிந்துகொள் என்று.
அதற்குப் பிறகு ஓய்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.
கல்லூரிகளுக்கு அதற்குள்
வேறு பிள்ளைகள் பதினேழு ஆகியிருப்பார்கள்.

மே மாதத்தை ரப்பரால் அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் கொஞ்சம் நைந்துபோனது.

வெண்டல் எட்டிப் பார்த்தான்.
அக்டோபர் முப்பத்தொன்றா?
அதில் உனக்கு என்ன லாபம்?

மாதக் கடைசிதானே,
நீ சொன்னபடிதான் என்று
அவனிடமே பேனா கேட்டேன்.